மரத்துக்குத் தண்ணீர் வார்த்த தாயார்



நம் ஆலயத்தில் நத்தார் மரத்தின் அருகே, பரிசுத்தாள் சுற்றிய பெட்டியொன்றைக் கண்டிருப்பீர்கள். அதற்குள் இருப்பது பரிசு அன்று; 10 லிட்டர் தண்ணீர் கொள்ளும் கலன். சென்ற ஆண்டு நம் வாலிபர்கள் தங்கள் கைகளாலேயே செய்த தானியங்கி நீரூற்றும் கருவி அது. அதைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வெட்டப்பட்ட பால்சம் ஃபிர் மரத்துக்கு வேர் இல்லை. தாகம் மட்டும் உண்டு. தாங்கியில் நிறுத்திய முதல் நாளிலேயே அது 4 லிட்டர் வரை குடித்துவிடக்கூடும். நீர்மட்டம் அடிமரத்தின் வெட்டுவாய்க்குக் கீழே இறங்கினால், சில மணி நேரத்தில் பிசின் படர்ந்து அவ்வாய் அடைபடும்; பின்பு எவ்வளவு வார்த்தாலும் மரம் சரிவரக் குடியாது. வெப்பமூட்டிகள் ஓயாது இயங்கும் கனடாவின் குளிர்காலத்தில் அது விரைவில் காய்ந்துபோகும். காய்ந்த மரத்தில் தீப்பொறி பட்டால் சில நொடிகளில் பற்றி எரியும். ஆகவே நீர் வார்ப்பது அழகுக்காக மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும்தான்.

வாலிபர்கள் செய்த ஏற்பாடு எளியது; மின்சாரம் வேண்டாம். காற்றுப் புகாதபடி மூடிய கலன், தாங்கியைவிட உயரத்தில் இருக்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் தாங்கிக்கு நீரைக் கொண்டுசெல்கிறது. மூடியிலிருந்து இறங்கும் இன்னொரு குழாய், நீர்மட்டம் நிற்கவேண்டிய உயரத்தில் முடிகிறது. நீர் குறைந்து இக்குழாயின் வாய் திறந்தால், அதன் வழியே காற்று கலனுக்குள் ஏறும், நீர் இறங்கும். நீர் உயர்ந்து அவ்வாயை மூடினால், காற்றும் நிற்கும், நீரும் நிற்கும். கோழிக்குஞ்சுகளுக்குப் போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீர் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்கு முன்பு அந்தப் பணியைச் செய்தவர் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர். மாலைதோறும் பேருந்தில் வந்து, தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் முழந்தாளிட்டுக் குனிந்து நீர் வார்ப்பார். அவருடைய முழங்கால் வலியைக் கண்டு மனமிரங்கியே வாலிபர்கள் கருவியைச் செய்தார்கள். அவர்களுடைய அன்பில் குறையில்லை. நானும் மகிழ்ந்து, "இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், அம்மா" என்றேன். அவர் சிரித்துத் தலையசைத்தார்.

அதன்பின் ஒன்பது நாட்கள் அவர் காய்ச்சலோடு தனியே படுத்திருந்ததை நாம் ஒருவரும் அறியவில்லை. ஞாயிறன்று அவருடைய இருக்கை வெறுமையாயிருந்ததை நான் கண்டேன். குளிருக்கு அஞ்சி வரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். மாலைதோறும் வந்துகொண்டிருந்தவராக இருந்தால், இரண்டாம் நாளே தேடியிருப்போம். மரமோ பசுமையாக நின்றது. நான் சென்று பார்த்தபோது அவர் கேட்ட முதற்கேள்வி: "பாஸ்டர், மரத்துக்குத் தண்ணி இருக்கோ?"

பிரியமானவர்களே, கருவி தவறன்று. தவறியவன் நான். ஒருவருடைய சுமையை இறக்கினேன். அந்தச் சுமையே அவரை நாள்தோறும் நம்மிடம் கொண்டுவந்தது என்பதை மறந்தேன். கலன் நீர்மட்டத்தைக் காக்கும், வராதவரைத் தேடாது. தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருக்கையிலும் காணாமற்போன ஒன்றைத் தேடிச்செல்லும் மேய்ப்பனைக் குறித்து நம் ஆண்டவர் சொன்னார். ஒன்று குறைகிறதென்று அறிய, முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும் அல்லவா? ஆகையால் ஒரு வேலையை எளிதாக்குமுன், அவ்வேலை யாரை யாரோடு இணைத்திருக்கிறது என்று கேட்பது நம் கடமை என்பேன்.

இவ்வாண்டும் கருவி இருக்கிறது. ஆனால் அதற்கும் கண்காணிப்பு வேண்டும்: மூடி சற்றுத் தளர்ந்து காற்றுப் புகுந்தால், கலனின் நீரெல்லாம் தரையில் ஓடும். ஆகவே மாலைதோறும் ஒரு வாலிபர் அந்தத் தாயாரை வாகனத்தில் அழைத்து வருகிறார். வாலிபர் முழந்தாளிடுகிறார்; தாயார் கைவிளக்கைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்" என்கிறார்.

உங்கள் இல்லத்திலும் இப்படி ஓய்வுகொடுத்து ஒதுக்கிவைத்த ஒருவர் இருக்கக்கூடும். இவ்வாரம் அவரிடம் போய், அவரால் இயன்ற ஒரு வேலையைக் கேட்டுவாங்கி, அவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.