பட்டியலில் இல்லையென்றால் இல்லையா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகாத பிள்ளை அபூர்வம். சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளாகக் குப்பை கொட்டிவருபவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களை வேலை வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

ஒரே கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்து ஓட்டுவது புதிய வித்தையல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே வி.எம்./370 என்ற பெயரில் இதை வெளியிட்டது. 2007-இல் லினக்ஸின் மையப் பகுதியிலேயே கே.வி.எம். சேர்ந்துகொண்டது. பெரிய வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பது போலத்தான் இது. ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு.

எத்தனை குடித்தனம் இருக்கிறது என்றறிய, லிப்விர்ட் மென்பொருளுடன் வரும் ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் ‘விர்ஷ் லிஸ்ட்’ என்று தட்டினால் எண், பெயர், நிலை என்று மூன்று பத்திகளில் பதில் வரும். ஆனால் உயிரோடிருப்பவை மட்டுமே அதில் வரும். அணைத்து வைத்திருப்பவை வரவேண்டுமானால், இரண்டு கோடு போட்டு ‘ஆல்’ என்று சேர்க்க வேண்டும். அணைந்தவற்றுக்கு எண் இருக்காது. அந்த இடத்தில் ஒரு சிறு கோடு இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த அலுவலகத்தில் டிஸ்க்கில் இடம் போதவில்லை. சேர்ந்து ஆறு மாதமே ஆன பையனிடம், "லிஸ்ட்டில் இல்லாததையெல்லாம் அழித்துவிடு தம்பி" என்றேன். பட்டியலில் நாலு பெயர். டிஸ்க்கில் ஐந்து ஃபைல். ஐந்தாவதை அழித்துவிட்டான். வருடக் கணக்கு முடிக்கும்போது மட்டும் எழுப்பப்படும் சர்வர் அது. மார்ச் மாதம் கணக்குப் பிரிவினர் தேடியபோதுதான் விஷயம் வெளிவந்தது. கையிலிருந்த நகலோ ஏழு மாதப் பழசு. பழி பையன் மீது விழுந்தது. "சார்தான் சொன்னார்" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

கேட்ட கேள்விக்குக் கம்ப்யூட்டர் சரியான பதிலைத்தான் சொன்னது. கேள்விதான் அரைகுறை. முழுக் கேள்வியைக் கற்றுத்தர வேண்டியவன் நான்.

‘ஆல்’ போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. சாதாரணப் பயனாளராக நுழைந்து கேட்டால், பெரும்பாலும் அவருடைய சொந்தப் பட்டியல்தான் வரும். அது காலியாகவே இருக்கலாம். நிர்வாகியாகக் கேட்டால்தான் மற்றவை தெரியும். தற்காலிகமாக உருவாக்கியவை என்றொரு வகையும் உண்டு. அவை அணைந்ததும் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். டிஸ்க் ஃபைல் மட்டும் அனாதையாகக் கிடக்கும்.

மௌஸை வைத்துக் கிளிக் செய்தால் எல்லாம் படமாகத் தெரிகிறதே, கட்டளை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கட்டளையின் பதிலைத் தேதி போட்டுச் சேமித்து வைக்கலாம். போன மாதப் பட்டியலோடு ஒப்பிடலாம். நேற்று இருந்தது இன்று எங்கே என்று கேட்க அதுதான் சாட்சி.

ஆகவே எதையும் அழிக்குமுன் மூன்று கேள்விகள்: யாராக நுழைந்து கேட்கிறேன்? அணைந்தவையும் சேர்ந்தனவா? இந்த ஃபைல் யாருடையது? மூன்றாவது கேள்விக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்லாது. எழுந்துபோய் மனிதரைத்தான் கேட்க வேண்டும். அதன் பிறகும் உடனே அழிக்காதீர்கள். பெயரை மாற்றி, ஒரு கணக்கு வருடம் முடியும்வரை ஒதுக்கி வையுங்கள். டிஸ்க் வாங்கும் செலவு, ஒரு பிள்ளையின் வேலையைவிடப் பெரிதல்ல.

அந்தத் தம்பி கண்ணில் இந்த இதழ் பட்டால், தவறு என்னுடையதுதான் என்பதை அச்சில் படித்துக்கொள்ளட்டும். அன்றே வாயால் சொல்லியிருக்க வேண்டியது.