கை கூப்பியது போதும், காகிதம் கொடுப்போம்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சைக்கிளில் இட்லி விற்றுப் பிழைக்கும் தகப்பனார் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு நம் சங்க அறைக்கு வந்தார். அந்தப் பெண் முதலில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இருபதே நாளில் வீட்டுக்கு அருகிலுள்ள வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பழைய கல்லூரியோ, முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்று பிடித்து வைத்துக்கொண்டது. நான்கு முறை போய், காலையிலிருந்து மாலை வரை அலுவலக வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார் அந்த மனிதர். நான்கு நாள் வியாபாரம் போனது. “எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டோம். “எழுதிக் கொடுத்தால் கோபித்துக் கொள்வார்களே, அண்ணாச்சி!” என்றார்.

வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிடலாமா என்று யோசனை கேட்கத்தான் அவர் வந்திருந்தார். புகார் கொடுக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. பிழைக்க வந்த ஊரில் வாய் திறக்கலாமா என்ற பயம் நம்மில் பலருக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறோம்.

நம்மில் சிலர் ரயில்வே அலுவலகங்களில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனவரை மறுநாள் யாரும் நினைப்பதில்லை. தேதி போட்டு, எண் போட்டு, பதிவேட்டில் ஏறிய காகிதத்துக்கு மட்டும் யாராவது பதில் சொல்லித்தான் தீரவேண்டும். இந்த ஊர்க் கல்லூரிகளில் அதற்கு ‘ஆவக்–ஜாவக்’ மேசை என்று பெயர். அங்கே இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

யாருக்கு எழுதுவது? பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறை தீர்ப்புக் குழு இருக்க வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைத்தல், அறிவித்ததற்கு மேல் பணம் கேட்டல், உதவித்தொகையைத் தாமதித்தல், இட ஒதுக்கீட்டை மீறுதல், தேர்வு முடிவை இழுத்தடித்தல், நேர்மையற்ற மதிப்பீடு, பாகுபாடு எல்லாமே அந்த விதிகளில் குறைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தந்து, அதன் நகலை மாணவருக்கும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அவர் 30 நாட்களில் தீர்த்து வைக்க முயல வேண்டும். பொய்ப் புகார் என்று கண்டால் புகார் கொடுத்தவர் மீதே நடவடிக்கைக்குச் சிபாரிசு செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கோபத்தில் ஒரு வரிகூடக் கூட்டி எழுதக் கூடாது. நடந்தது, நடந்த தேதி, நாம் கேட்பது ஆகிய மூன்றும் போதும்.

இந்த ஏற்பாட்டை நாம் அப்படியே மெச்சிவிடவில்லை. குழுவின் தலைவர் பேராசிரியர், உறுப்பினர்கள் நால்வரும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். மாணவப் பிரதிநிதிக்குச் சிறப்பு அழைப்பாளர் என்ற நாற்காலிதான். ஒரே அறையில் தேநீர் குடிக்கிறவர்கள் ஒருவர் மீது மற்றவர் நீதி சொல்வார்களா? பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதை நம் பிள்ளைகள் கல்லூரியில் கேட்டுப் பார்க்கட்டும். குறை இருக்கிறது என்பதற்காகக் கதவைத் தட்டாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

2017-இல் மும்பைப் பல்கலைக்கழகம் கணினித் திரையில் விடைத்தாள் திருத்தும் முறையை அவசர அவசரமாகப் புகுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். 45 நாட்களுக்குள் வரவேண்டிய முடிவுகள் மாதக்கணக்கில் இழுத்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அக்டோபரில் துணைவேந்தரையே ஆளுநர் பதவி நீக்கினார். அன்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அதனால் சத்தம் பலமாகக் கேட்டது. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று தனியாக மாட்டிக்கொள்ளும்போது எந்தப் பத்திரிகை எழுதும்?

இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பொறியியல் படித்த தம்பி ஒருவன் எழுதிய தேர்வுக்கு ‘வரவில்லை’ என்று பதிவாகி வந்தது. எங்களிடம் வந்தான். “சாரைப் பார்த்து நயமாகக் கேள்” என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்களேதான். நயமாகவே மாதக்கணக்கில் கேட்டான். கடைசியில் எழுத்தில் கேட்டபோது, அந்தப் பருவத்தின் விடைத்தாள்களை அழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அவன் இன்று பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான். எங்களுக்குத்தான் முகம் பார்க்க முடியவில்லை.

திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பார்க்கவும் நகல் வாங்கவும் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் விடைத்தாள் அவர்கள் கையில் இருக்கும் காலம் வரைதான் அந்த உரிமை செல்லும். அன்று எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ராகிங் போன்ற கொடுமைகளுக்கு 15 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 1800-180-5522 என்ற இலவச எண் இரவு பகலாக இயங்குகிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் காவல் நிலையத்துக்கே போகலாம், சட்டம் இருக்கிறது. ஐதராபாத்தில் 2016-இல் ரோஹித் வெமுலாவையும், இதே மும்பையில் 2019-இல் டாக்டர் பாயல் தட்வியையும் பறிகொடுத்த தாய்மார் இருவரும் 2019-இல் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். தங்கள் பிள்ளைகள் போன பிறகு பிறர் பிள்ளைகளுக்காகத் தட்டினார்கள்.

தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாமல் போவது தனி வழக்கு. 1990-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து தொடங்க வேண்டிய விஷயம் அது. கல்லூரிக் குழுவால் தீராது. இன்னொரு இதழில் விரிவாக எழுதுகிறோம்.

இட்லிக்காரர் மகளின் விஷயத்துக்கு வருவோம். ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதி, முத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. யாரும் கோபித்துக் கொள்ளவில்லை. கட்டிய பணத்தில் திரும்ப வரவேண்டியது இன்னும் வரவில்லை. அதற்கு இரண்டாவது காகிதம் போயிருக்கிறது.

ஞாயிறுதோறும் மாலை 6 முதல் 8 வரை அறை திறந்திருக்கும். தேர்வு முடிவு இப்போதுதான் வந்திருந்தால், மறுமதிப்பீட்டுக் கெடு தவறுவதற்குள் இந்த வாரமே வாருங்கள். கட்டண ரசீது, மதிப்பெண் பட்டியல், ஹால் டிக்கெட் மூன்றுக்கும் ஜெராக்ஸ் போதும். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், விண்ணப்பத்தைத் தன் கையால் எழுதட்டும்.