வெருகு

வடநாடுகளின் பனிக்காடுகளில் லிங்க்ஸ் என்னும் பூனையினம் வாழ்கின்றது. செவிநுனியிற் கருமயிர்க் குச்சம், குறுகிய வால், பனியிற் புதையாது நடத்தற்கேற்ற அகன்ற மயிரடி ஆகியவற்றால் அதனை எளிதில் அறியலாம். நம் நாட்டில் லடாக்கின் குளிர்மலைகளிலும் அஃது உண்டு. படத்தில் அதனைக் கண்டு வியக்கும் மாணவர் பலர், நம் ஏரிக்கரைப் புதர்களுக்குரிய அதன் சிற்றுறவினை அறியார். அதுவே காட்டுப்பூனை, பழந்தமிழர் அதனை வெருகு என்றனர்.

வெருகு நெடிய கால்களும், குறுகிய வாலும், செவிநுனியிற் சிறு கருமயிரும் உடையது. அதன் மணல்நிற உடலிற் சிறுத்தைக்கு உள்ளன போன்ற புள்ளிகள் இல்லை. புதரும் நாணலும் கரும்புத் தோட்டமும் அதன் உறைவிடங்கள். எலியே அதன் முதன்மையான இரையாதலின், உழவர்க்கு அது கூலி பெறாத காவலாள். ஒரோவழிக் கோழியையும் கவரும். அதனை மறைத்தல் வேண்டா.

தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமைப்பெயர் குட்டி என்று வரையறுத்துள்ளது. கபிலர் முல்லையரும்புக்கு உவமை தேடியபொழுது, அவர் கண்முன் நின்றது வெருகின் கூரிய பல்லே. முல்லைநிலத்தில் நடந்து பழகியவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது. இன்று வகுப்பில் 'ஒருவகைப் பூனை' என்று பொருள் கூறி அப்பாற் செல்கின்றோம்!

காஞ்சிப் பட்டிலே மயில் உண்டு, அன்னம் உண்டு, எவரும் கண்டிராத யாளியும் உண்டு. கைலாசநாதர் கோயில் தூண்களிற் சிங்கங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. மாமல்லபுரத்துச் சிற்பி பூனைக்கு இடமளித்தான். அதுவும் எலிகளை ஏய்க்கும் பொய்த்தவசியாக!

புதர்நிலத்தைத் தரிசு என்று எழுதுவதே கேட்டின் தொடக்கம் என்பது என் கருத்து. அப்பெயர் விழுந்தவுடன், குப்பை கொட்டவும் மனை பிரிக்கவும் துணிவு பிறக்கின்றது. வெருகினை வேட்டையாடுதலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆனால் அதன் புதர் போனபின் அச்சட்டம் எதனைக் காக்கும்? ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லிங்க்ஸ், 2002-இல் வளர்ந்தவை நூற்றுக்கும் குறைவு என்னும் நிலைக்கு வந்தது. அந்நாட்டார் அதனைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டதோடு அமையாது, அதன் இரையாகிய முயலையும் புதர்க்காட்டையும் ஒருங்கே பேணினர். 2023-இல் அதன் தொகை, குட்டிகள் உட்பட, 2,000-ஐக் கடந்தது.

நம்மூரிற் கரும்பு வெட்டுங்கால் வெருகின் குட்டிகள் வெளிப்படுதல் உண்டு. சிறுத்தைக் குட்டி என்று அஞ்சி அடிப்பாரும், தாயற்றவை என்று இரங்கி வீட்டிற்கு எடுத்துச் செல்வாரும் உளர். இரண்டும் வேண்டா. கிடந்த இடத்திலேயே விட்டு விலகின், இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும்.