அந்தரா ஊசியும் நின்றுபோன விலக்கும்

கூச்சத்தை விடுத்து இம்மாதம் எழுதுகிறோம். அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் இலவசமாய் இடப்படும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியை நம் இல்லாள் 3 திங்களுக்கொருமுறை போட்டு வருகிறாள். இரண்டாம் ஊசிக்குப் பின் விலக்கு நின்றது. ஊரிலிருந்து வந்திருந்த அன்னையார், ‘கெட்ட ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டதேடா!’ என்று கலங்கினார். உள்ளதைச் சொன்னால், நாமும் இரண்டிரவு உறங்கவில்லை. மருத்துவ அம்மையாரைக் கண்ட பின்னரே விளங்கிற்று: அம்மருந்தால் கருப்பையின் உட்சவ்வு மெலிந்தே இருக்கிறது, கழிவதற்கும் ஒன்றுமில்லை, தங்குவதற்கும் ஒன்றுமில்லை. தவணை தவறியிருந்தால் மட்டும் கருவுற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு மாறாக இடையிடையே உதிரம் படும், எடையும் ஏறலாம். பெரும்போக்குக் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்க. இன்னொன்று: ஊசியை நிறுத்தினாலும், மீண்டும் கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து பெரும்பாலும் 7 முதல் 10 மாதம் ஆகும். விரைவில் மகப்பேறு விரும்புவோர் இதனை முதலிலேயே கேட்டறிக. நமக்கு எவரும் முன்னர்க் கூறினாரில்லை.