பண்டிதர் என்கிற வசை

சமீபத்தில் திருத்தணியில் குழந்தைக்கு மொட்டை போடப் போயிருந்தோம். கூட வந்த பெரியவர், "பண்டிதரைக் கூப்பிடு" என்றார். உடனிருந்த கவிஞ நண்பர் சிரித்துவிட்டார். தமக்குப் பிடிக்காதவர்களையெல்லாம் கட்டுரைகளில் பண்டிதர் என்று திட்டுகிறவர் அவர். கத்தியும் கிண்ணமுமாக ஒருவர் வந்து நின்றதும், தம் வசைக்கு இப்படியொரு பொருத்தமா என்று அவருக்குக் குஷி.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாவிதரைப் பண்டிதர் என்பது கேலி அல்ல. பண்டிதர் என்றால் வைத்தியர் என்றும் நம்மிடம் பொருள் உண்டு. ரணம் கீறிக் கட்டியவர்கள் அந்தச் சமூகத்து ஆண்கள்; பிரசவம் பார்த்தவர்கள் பெண்கள். மருத்துவர், பரியாரி என்ற பெயர்களும் அதனால் வந்தவை. ஆங்கில வைத்தியப் படிப்பு வந்தது. மருத்துவர் என்ற சொல் அதன் பக்கம் போயிற்று. இவர்களிடம் மிஞ்சியது சவரக்கத்தி. பண்டிதர் என்பது சாதிப்பெயராகச் சுருங்கி, சிரிக்கத் தோதான சொல்லாயிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கம் பரீட்சை வைத்துப் பண்டிதர் பட்டம் கொடுத்தால் நாம் சிரிப்பதில்லை. (திட்டுவோம், அது வேறு.)

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இருவரும் சித்த வைத்தியர்கள். முன்னவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, தமிழ்ச் சரித்திரத்தையே தலைகீழாக வாசித்தார். பின்னவரின் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வந்தது. அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளாக நம் கைக்குக் கிடைத்தது 1999இல். அதற்கு முன் பண்டிதர்களோடு நாம் போட்ட சண்டைகளில், நான் படித்த வரையில், அவர் பெயரே இல்லை. பண்டிதர் என்றால் யாப்பு பார்க்கிற ஆசாமி என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம்.

படி இறங்கும்போது நண்பர் இன்னொரு தீர்ப்பும் சொன்னார்: தணிகைப் புராணம் பண்டிதக் குப்பை. கச்சியப்ப முனிவர் இந்த ஊர்க்காரர், 1790இல் மறைந்தவர். நூல் கடினம்தான். பல இடங்களில் எனக்கே மூச்சு வாங்கியது. சில படலங்களைத் தாண்டியும் போயிருக்கிறேன். ஆனால் களவுப் படலத்தில் முருகன்–வள்ளி கதையை அகத்துறைகளுக்குள் வைத்துப் பார்க்கிறாரே, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சைவ மடத்துத் துறவி, அதைக் குப்பை என்று எப்படித் தள்ளுவது? "படித்தீர்களா?" என்றேன். "பண்டிதன் எழுதினதை எதற்குப் படிக்கணும்?" என்றார்.

மொட்டை போட்டவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1960 வரை ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். அழுத குழந்தையை அவர் தெலுங்கில்தான் சமாதானப்படுத்தினார். உச்சிக்குழியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் கத்தியைச் சாய்த்துப் பிடித்தார். ஒரு கீறல் இல்லை. நண்பர் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதற்கு அவர் அடுத்த இதழில் பதில் எழுதக்கூடும். களவுப் படலத்தைப் படித்துவிட்டு எழுதட்டும்.