கிட்டில் விடுபட்டவை

2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் நல்ல யோசனைதான். பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் ஒரே கிட்டில் கிடைத்தன.

அவிநாசி மொட்டைமாடிக்கு அது மட்டும் போதாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக்காற்றில், காலையில் தண்ணீர் விட்ட கத்தரி மதியத்துக்குள் துவண்டுவிடும். உப்பேறிய போர் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் பையின் ஓரத்தில் வெள்ளை படியும், இலை நுனி கருகும். நார்க்கழிவிலும் உப்பு உண்டு. ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே நிரப்ப வேண்டும். கொடி அவரையோ பெரும்பாலும் பகல் குறுகினால்தான் பூக்கும்; சித்திரையில் ஊன்றினால் கொடிதான் மிஞ்சும்.

இத்தகைய ஊர்களுக்குத் தரும் கிட்டில் நிழல்வலைத் துண்டு ஒன்றும், மாதவாரியான விதைப்பு அட்டவணையும் சேர்த்தால் பாதிச் செடிகளாவது பிழைக்கும்.