பெயரை அழித்தார்கள், உழைப்பை வைத்துக்கொண்டார்கள்

தோழனே!

ஊரெங்கும் சுவரொட்டி, இரவு நாடகம். வசனம் தீட்டியவன் விடிந்ததும் வந்து பார்க்கிறான். தன் பெயர்மீது வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது! ஏன் என்று வினவுகிறான். மேலிடத்து உத்தரவு என்கிறார்கள். இரவு கொட்டகையிலோ, அவன் வசனத்துக்குத்தான் கையொலி வானைப் பிளக்கிறது. மேடையிலே வளர்ந்தவன் நான். எனக்கு இப்படிச் சொன்னால்தான் விளங்குகிறது. கணிப்பொறி உலகிலே, 2024 அக்டோபரில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

லினக்ஸ்! 1991-இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உன் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுதான். பல நாட்டவர் கூடிக் கட்டிய பொதுச் சத்திரம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆளைப் பார்த்தோ கூட்டத்தைப் பார்த்தோ உரிமம் வேற்றுமை காட்டலாகாது என்று, 1998-இல் வகுத்த திறமூல வரையறை கூறுகிறது. கேட்கவே இனிக்கிறதல்லவா?

அந்தச் சத்திரத்தின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்துதான், ரஷ்யாவைச் சேர்ந்த பத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் நீக்கப்பட்டன. சொன்ன காரணம் அரைவரி: பல்வேறு சட்டத் தேவைகளாம்! தக்க ஆவணம் தந்தால் திரும்பி வரலாமாம்! எந்தச் சட்டம்? எந்த ஆவணம்? அந்த அறிவிப்பில் விடை இல்லை. கூக்குரல் எழுந்த பிறகே, மூத்த பராமரிப்பாளர் ஒருவர் வாய் திறந்தார். அமெரிக்கத் தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களைச் சேர்ந்தோர் அந்தப் பொறுப்பில் இருக்க இயலாது. லினக்சின் கட்டமைப்பு அமெரிக்காவில் இருப்பதால் அந்நாட்டுச் சட்டத்தை மீற முடியாது என்றார். அவர்கள் எழுதிய நிரல்? அது அப்படியே இருந்தது, ஓடியது!

உக்ரைன் மண்ணிலே குண்டு பொழிவோருக்கா பரிவு காட்டுகிறாய் என்று கேட்பாய். கேள், கேட்கத்தான் வேண்டும். 2022-இல் ரஷ்யா தொடுத்தது ஆக்கிரமிப்புப் போர். அதிலே எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. போருக்குத் துணைநிற்கும் நிறுவனத்தின் கழுத்தை நெரிக்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் ஊதியம் தருபவன் பட்டியலில் இருக்கிறான் என்பதற்காக, ஆண்டுக்கணக்கில் பிழை திருத்தியவனை, முகத்தைப் பார்த்து இன்ன காரணம் என்று சொல்லாமல் வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

இதற்கு முன்னும் நடந்தது. கிட்ஹப் என்பது உலகத்து நிரலர்களின் களஞ்சியம். 2018-இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. 2019 ஜூலையில், ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்தோரின் தனிக் களஞ்சியங்களுக்குப் பூட்டு விழுந்தது. முன்னறிவிப்பு இல்லை. முன்கூட்டிச் சொல்லவும் சட்டம் இடந்தரவில்லை என்றார் தலைமை அதிகாரி. தன் கையால் எழுதியதைத் தானே எடுக்க முடியாமல் நின்றான் தெஹ்ரான் இளைஞன். அவனா அணு உலை கட்டினான்? ஆட்சிபீடத்தில் அமர்ந்திருந்தோர்க்கு இதனால் ஒரு வேளைச் சோறு குறைந்ததா?

2021 ஜனவரியில் ஈரானுக்குப் பூட்டு திறந்தது. எப்படி? அமெரிக்கக் கருவூலத் துறையிடம் அந்நிறுவனம் வாதாடி, உரிமம் பெற்றது. அப்படியானால், கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேட்டுப் பெறும்வரை ஒன்றரை ஆண்டுக் காலம் இளைஞன் வாசலில் நின்றானே, அந்த நாட்களை அவனுக்கு யார் திருப்பித் தருவது?

எனவேதான், தோழனே, சட்டத்தைக் கிழித்தெறி என்று நான் கூறவில்லை. எந்தச் சட்டம், எந்த நிறுவனம், எத்தனை நாள் கெடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெயரை எடுக்கட்டும். பூட்டுவதற்கு முன்னே, அவனவன் எழுதியதை அவனவன் எடுத்துச் செல்ல விடட்டும்.